பாரிஸில் இம்ப்ரெஷனிச ஓவியங்கள்: ஓர்சேயா, ஓராஞ்ஜெரியா, மர்மொத்தானா, ஜிவெர்னியா?

பாரிஸ் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "மோனே, ரெனுவார் படங்களைப் பார்க்க வேண்டும். ஆனால் கையில் ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போவது?" (மோனேயும் ரெனுவாரும் இம்ப்ரெஷனிச ஓவியர்கள்: பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்ஸில், மாறும் வெளிச்சத்தைக் கண்ணில் பட்டபடி வரைந்தவர்கள்.) லண்டனில் இருந்து காலை யூரோஸ்டார் ரயிலில் வந்து இரவே திரும்புகிறவர்கள் கேட்கிறார்கள். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பக்கம் உறவினர் வீட்டுக்கு வந்து, கல்யாணத்துக்கும் வரவேற்புக்கும் நடுவில் ஒரு நாள் மிஞ்சியவர்களும் கேட்கிறார்கள். சென்னையில் இருந்து சுற்றுலாக் குழுவோடு வந்து, நிகழ்ச்சி நிரலில் காலியாக இருக்கும் ஒரே நாளை வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களும் உண்டு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லூவருக்குப் போனால் எல்லாம் பார்த்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். லூவரின் பொறுப்பு பெரும்பாலும் 1848-க்கு முந்தைய கலை. 1848 முதல் 1914 வரையிலான காலம் ஓர்சே அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கப்பட்டது. லூவரில் மோனேயைத் தேடினால் விதிவிலக்காக ஒன்றிரண்டு கண்ணில் படலாம், அவ்வளவுதான். இம்ப்ரெஷனிசத்துக்காக லூவர் சீட்டு வாங்க வேண்டாம்.

மிஞ்சுவது நான்கு இடங்கள்: ஓர்சே, ஓராஞ்ஜெரி, மர்மொத்தான் மோனே அருங்காட்சியகம், ஊருக்கு வெளியே ஜிவெர்னியில் உள்ள மோனேயின் வீடும் தோட்டமும்.

## எதை வைத்து முடிவு செய்வது?

வழக்கமாக எல்லோரும் பார்ப்பது எண்ணிக்கையைத்தான். எங்கே அதிகப் படங்கள் இருக்கின்றன, எங்கே புகழ்பெற்றவை தொங்குகின்றன என்று பார்ப்பார்கள். இந்த ஓவியங்களைப் பொறுத்தவரை நான் முதலில் பார்ப்பது வேறொன்று: ஒரு படத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்க முடியும், எவ்வளவு தூரம் பின்வாங்கிப் பார்க்க முடியும்?

காரணம் இருக்கிறது. இந்த ஓவியர்கள் வண்ணங்களைக் குழைத்து வழவழப்பாகப் பூசவில்லை. சின்னச் சின்னத் தீற்றல்களாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு அடி தூரத்தில் நின்றால் நீலம், ஊதா, மஞ்சள் என்று வெறும் பூச்சுகள்தான் தெரியும். நாலைந்து அடி பின்னால் போனால் அதுவே தண்ணீரில் விழுந்த வெயிலாகிறது. மறுபடி கிட்டே போனால் வெயில் மறைந்து பூச்சு வருகிறது. இந்தப் போய் வருதலில்தான் இந்த ஓவியங்களின் சுகமே இருக்கிறது. உங்களுக்கும் படத்துக்கும் நடுவில் பதினைந்து தலைகளும் பத்துக் கைபேசிகளும் இருந்தால் அது நடக்காது. அச்சிலும் திரையிலும் பார்த்ததையே இன்னொரு முறை பார்த்துவிட்டு வருவீர்கள்.

ஆக முதல் அளவுகோல் இடமும் நேரமும். அடுத்தது, இந்த இயக்கத்தை முழுதாகப் பார்க்க விரும்புகிறீர்களா, மோனே என்ற ஒருவரை ஆழமாகப் பார்க்க விரும்புகிறீர்களா என்பது. மூன்றாவது செலவு, சீட்டு விலையோடு பயணமும், வீணாகும் மணி நேரமும் சேர்த்துத்தான் கணக்கு. நான்காவது கூட வருகிறவர்கள். முழங்கால் வலியுள்ள அம்மாவும் எட்டு வயதுப் பையனும் வருகிறார்கள் என்றால் முடிவு வேறு மாதிரி இருக்கும்.

## ஓர்சே: முழுக் கதையும் ஒரே கூரையின் கீழ்

1900-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக விக்தர் லலூ என்ற கட்டடக்கலைஞர் கட்டிய ரயில் நிலையம் இது. அருங்காட்சியகமாகத் திறந்தது 1986 டிசம்பரில். ரயிலை அவ்வளவு ஆசையாக வரைந்த ஓவியர்களுக்கு ஒரு ரயில் நிலையமே வீடாக அமைந்தது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிற விஷயம். மோனே 1877-இல் வரைந்த சான் லசார் நிலையத்தின் புகையும் நீராவியும் இங்கேதான் இருக்கின்றன.

இங்கே கிடைப்பது அகலம். ரெனுவாரின் 'மூலான் த லா கலெத் நடனம்' (1876), கையெபோத்தின் 'தரையை இழைப்பவர்கள்' (1875), பெர்த் மொரிசோவின் 'தொட்டில்' (1872), போர் மார்லி ஊரை வெள்ளம் சூழ்ந்ததை சிஸ்லே வரைந்த படங்கள், தெகாவின் நடன வகுப்புகள், பதினான்கு வயது நடனச் சிறுமியின் வெண்கலச் சிலை, பிசாரோ, செசான் என்று வரிசையாக வருகிறார்கள். அதற்கு முன்கதையான மனேயின் 'ஒலாம்பியா', 'புல்வெளியில் மதிய உணவு' இரண்டும் (இரண்டுமே 1863) இங்கே உண்டு. பின்கதையான வான் கோவும் கோகனும் உண்டு. இவர்கள் எதை எதிர்த்துக் கிளம்பினார்கள், எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை ஒரே நாளில் புரிந்துகொள்ள உலகத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரே ஒரு சுவரைத்தான் பார்க்க முடியும் என்றால் ரூவான் தேவாலயப் படங்களைத்தான் சொல்வேன். 1892 முதல் 1894 வரை ஒரே தேவாலய முகப்பை வெவ்வேறு வெளிச்சத்தில் மோனே முப்பதுக்கும் மேற்பட்ட தடவை வரைந்தார். அதில் ஐந்து ஓர்சேயிடம் இருக்கின்றன. ஒன்றைத் தனியாகப் பார்த்தால் அழகான கட்டடம் என்று நகர்ந்துவிடலாம். பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போதுதான் அவர் கல்லை வரையவில்லை, கல்லின் மேல் நேரம் நகர்வதை வரைந்திருக்கிறார் என்பது உறைக்கிறது.

சரி, மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். பெரிய செலவு கூட்டம். ஓர்சேக்குத் திங்கள் விடுமுறை. லூவருக்குச் செவ்வாய் விடுமுறை. அதனால் செவ்வாய்க்கிழமை ஊரில் உள்ள பயணிகளில் பாதிப் பேர் இங்கே வந்து நிற்பது போல இருக்கும். இணையத்தில் சீட்டு வாங்கியிருந்தாலும் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். ஆனால் அதற்கும் முன்பதிவு வேண்டும், அன்று ரெனுவாரின் நடனக் கூட்டத்தைவிட அதைப் பார்க்க வந்த கூட்டம் அடர்த்தியாக இருக்கும். மிச்சமாகும் பணத்துக்கு அது சரியான விலை என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது செலவு கால்கள். முக்கியமான இம்ப்ரெஷனிசக் கூடங்கள் உச்சியில், ஐந்தாம் தளத்தில் இருக்கின்றன. வாசலில் நுழைந்ததும் நடுக்கூடத்தின் சிற்பங்களில் மயங்கி, பக்கத்து அறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, மேலே போய்ச் சேர்வதற்குள் பலர் களைத்துவிடுகிறார்கள். நேராக ஐந்தாம் தளத்துக்குப் போய்விடுங்கள். அப்புறம் தெம்பு இருந்தால் கீழே இறங்கி வாருங்கள்.

யூரோஸ்டாரில் வந்து இறங்கி நேராகப் போகிறவர்களுக்கு இன்னொன்று: பெரிய பயணப் பெட்டியை உள்ளே விடமாட்டார்கள். கார் து நோர் நிலையத்திலேயே பணம் கட்டிப் பாதுகாப்பறையில் வைத்துவிட வேண்டும்.

ஓர்சேக்கு மிகச் சிறந்த நேரம் வியாழன் மாலை. அன்று மட்டும் இரவு 9.45 வரை திறந்திருக்கும், ஆறு மணிக்கு மேல் கட்டணமும் குறைவு. சுற்றுலாக் குழுக்கள் சாப்பிடக் கிளம்பிய பிறகு மேல்தளத்தில் பின்வாங்கி நிற்க இடம் கிடைக்கும். உங்கள் பயணத்தில் வியாழக்கிழமை ஒன்று இருந்தால் அதை இதற்காக ஒதுக்குங்கள்.

குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் இதுவே பொருத்தம். பெரிய கடிகாரத்தின் கண்ணாடி வழியே சேன் ஆறு தெரிகிறது. பாரிஸின் ஒபேரா வட்டாரத்தைச் சிறு மாதிரியாகச் செய்து கண்ணாடித் தரைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் அதன் மேல் நடந்து பார்க்கலாம். 18 வயதுக்குக் கீழே யாராக இருந்தாலும் இலவசம். 18 முதல் 25 வயது வரை ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்களுக்கும் இலவசம் என்பதால், ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ வளரும் உங்கள் பிள்ளைகள் அடையாள அட்டையைக் கையில் எடுத்து வந்தால் போதும்.

## ஓராஞ்ஜெரி: எட்டுப் படங்கள், இரண்டு அறைகள்

ஓர்சேயில் இருந்து ஆற்றின் நடைபாலத்தைத் தாண்டி, துயிலெரி தோட்டத்தின் வழியே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஓராஞ்ஜெரி. குளிர்காலத்தில் ஆரஞ்சு மரங்களைப் பாதுகாக்க 1852-இல் கட்டிய கட்டடம் இது. இங்கே வருவது மோனேயின் 'அல்லிக்குளம்' வரிசைக்காக.

முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11-இல் நின்றது. மறுநாளே மோனே தன் நண்பரும் அப்போதைய பிரதமருமான கிளெமான்சோவுக்குக் கடிதம் எழுதி, வெற்றியின் நினைவாக இரண்டு படங்களை நாட்டுக்குத் தருகிறேன் என்றார். அந்த இரண்டு பின்னால் வளர்ந்து எட்டுப் பெரும் படைப்புகளாயின. நடுவில் கண்புரை முற்றி, 1923-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். படங்களை விட்டுப் பிரிய மனமில்லாமல் கடைசிவரை திருத்திக்கொண்டே இருந்தார். 1926 டிசம்பரில் அவர் இறந்தார், 1927 மேயில் அறைகள் திறந்தன.

படங்கள் சுமார் இரண்டு மீட்டர் உயரம். நீளத்தை எல்லாம் சேர்த்தால் தொண்ணூறு மீட்டருக்கு மேல் வரும். முட்டை வடிவ அறைகளின் வளைந்த சுவர்களில் ஒட்டியிருப்பதால் தொடக்கமும் முடிவும் தெரியாது. கரை இல்லை, வானம் இல்லை. வானம் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. இங்கே பின்வாங்கி நிற்க இடம் உண்டு, நடுவில் உட்கார்ந்து பார்க்க இருக்கை உண்டு. நான் முதலில் சொன்ன அளவுகோலின்படி இந்த நான்கு இடங்களில் இதுவே முதல்.

ஆனால் ஒரு நிபந்தனை. வெளிச்சம் கூரை வழியாகத்தான் வருகிறது. மோனே விரும்பியதும் அப்படித்தான். 1960-களில் இன்னொரு சேகரிப்பை வைப்பதற்காக மேலே ஒரு தளம் கட்டி, அந்த வெளிச்சத்தையே மறைத்துவிட்டார்கள். அதை இடித்து இயற்கை வெளிச்சத்தை மீட்டு 2006-இல்தான் மறுபடி திறந்தார்கள். இவ்வளவு பாடுபட்டு மீட்ட வெளிச்சத்தைத் தவறவிடும் நேரத்தில் போகக் கூடாது. டிசம்பர் மாதம் மாலை ஐந்து மணிக்குப் போனால் மின்விளக்கில்தான் பார்ப்பீர்கள். காலையில் திறந்ததும் முதல் ஆளாகப் போவது மிக நல்லது. மேகம் கடந்து போகும் நாளாக இருந்தால் இன்னும் விசேஷம். சுவரில் உள்ள தண்ணீரும் கூடவே மங்கித் தெளியும்.

மறைந்திருக்கும் செலவு என்றால், இங்கே இம்ப்ரெஷனிசத்தின் வரலாறு கிடைக்காது. கீழ்த்தளத்தில் ரெனுவார், செசான் படங்கள் கணிசமாக உண்டு, மத்தீஸ், மொதில்யானி, சுத்தீன் படங்களும் உண்டு. அவை நன்றாகவே இருக்கும். ஆனால் தெகா, பிசாரோ, மொரிசோவைத் தேடி வந்தவருக்கு ஏமாற்றம்தான். மோனேயின் முந்தைய படங்களைப் பார்க்காமல் நேராக இங்கே வருகிறவர்களில் சிலர், 'அழகான சுவர்' என்று சொல்லிவிட்டு இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். நேரம் குறித்த சீட்டு இது. பல அருங்காட்சியகங்களுக்குப் பொதுவான நுழைவு அட்டையான மியூசியம் பாஸ் இருந்தாலும் முன்பதிவு தேவை. செவ்வாய் விடுமுறை.

இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்பவர்களுக்கும், பெரியவர்களை அழைத்து வருகிறவர்களுக்கும், கூட்டத்தில் மூச்சு முட்டுகிறவர்களுக்கும் இதுவே சரி.

## மர்மொத்தான்: மோனேயின் சொந்தச் சேமிப்பு

பதினாறாம் வட்டாரத்தில் ரனலா பூங்காவை ஒட்டிய ஒரு பழைய மாளிகை. உலகத்திலேயே மோனே படங்கள் அதிகம் உள்ள இடம் இதுதான். அவருடைய மகன் மிஷேல் 1966-இல் இறந்தபோது, அப்பா கடைசிவரை தன்னிடமே வைத்திருந்தவற்றை இந்த அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்தார். விற்காமல் வைத்திருந்தவை என்பதால் இவற்றின் சுபாவமே வேறு. குடும்பத்தாரின் படங்கள் இருக்கின்றன. கண்புரைக் காலத்தில் வரைந்த ஜப்பானியப் பாலங்கள் இருக்கின்றன. சிவப்பும் பழுப்பும் கொந்தளிக்க, பாலம் எங்கே, மரம் எங்கே என்றே தெரியாது. பார்வை மங்கிய ஒரு கிழவர் நினைவிலும் பிடிவாதத்திலும் வரைந்தவை அவை. ஓராஞ்ஜெரியின் அமைதிக்குப் பின்னால் எவ்வளவு போராட்டம் இருந்தது என்பதை இங்கேதான் பார்க்கலாம்.

1874-இல் இந்த ஓவியர்கள் சேர்ந்து நடத்திய முதல் கண்காட்சியில் வைக்கப்பட்டு, லூயி லெருவா என்ற விமர்சகரின் கேலியால் இந்த இயக்கத்துக்கே பெயர் கொடுத்த 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்' (1872) இங்கே உள்ளது. 1985-இல் துப்பாக்கி முனையில் திருடப்பட்டு, 1990-இல் கோர்சிகா தீவில் மீட்கப்பட்டது. பெர்த் மொரிசோவின் படங்களும் இங்கே ஏராளம். ஆண்களின் பெயர்களையே கேட்டு வளர்ந்தவர்கள் அந்த அறைகளுக்குத் தாராளமாக நேரம் கொடுக்க வேண்டும். அவருடைய தூரிகை வேகம் மோனேயிடம்கூட இல்லை என்பது என் எண்ணம்.

ஓர்சேயின் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே நெருக்கடி குறைவு. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், மியூசியம் பாஸ் இங்கே செல்லாது, பள்ளிப் பிள்ளைகளுக்கும் சீட்டு வாங்க வேண்டும். நாலு பேர் குடும்பத்துக்கு ஓர்சேயைவிட இதுவே விலை கூடிப்போகலாம். மற்ற இடங்களில் இருந்து தள்ளியும் இருக்கிறது.

முதல் முறை வருகிறவருக்கு இதை நான் சொல்லமாட்டேன். ஓர்சேயை ஏற்கெனவே பார்த்தவர், அல்லது மோனே மேல் தனிப் பிரியம் உள்ளவர், யோசிக்காமல் இங்கே வரலாம்.

## ஜிவெர்னி: ஓவியத்துக்காகப் போக வேண்டாம்

மோனே 1883 முதல் சாகும்வரை வாழ்ந்த வீடு. அல்லிக்குளத்தை அவரே வெட்டினார், ஜப்பானியப் பாலத்தை அவரே கட்டினார். சான் லசார் நிலையத்தில் ரயில் ஏறி வெர்னோனில் இறங்க முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கிருந்து பேருந்து.

வீட்டுக்குள் சுவர் நிறைய அவர் படங்கள் தொங்கும், அவை நகல்கள். அவர் சேர்த்த ஜப்பானிய அச்சுப் படங்களும் அங்கே உண்டு. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை, தோட்டம் அவ்வளவு அழகு. தெரியாமல் போகிறவர்களுக்குத்தான் வருத்தம். ரயில், பேருந்து, நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்தால் செலவிலும் நேரத்திலும் நான்கில் இதுவே அதிகம். அல்லி பூப்பது கோடையில்தான்.

## ஒரே பார்வையில்

| | ஓர்சே | ஓராஞ்ஜெரி | மர்மொத்தான் | ஜிவெர்னி |
|---|---|---|---|---|
| விடுமுறை | திங்கள் | செவ்வாய் | திங்கள் | நவம்பர் தொடக்கம் முதல் மார்ச் முடிய |
| வழக்கமான மாலை நீட்டிப்பு | வியாழன் | இல்லை | வியாழன் | இல்லை |
| மியூசியம் பாஸ் | செல்லும் | செல்லும் (முன்பதிவோடு) | செல்லாது | செல்லாது |
| பள்ளிப் பிள்ளைகள் | இலவசம் | இலவசம் | கட்டணம் உண்டு | கட்டணம் உண்டு |
| தேவைப்படும் நேரம் | 3 முதல் 4 மணி | ஒன்றரை முதல் 2 மணி | 2 மணி | முக்கால் நாள் |
| அசல் இம்ப்ரெஷனிசப் படங்கள் | எல்லோருடையவும் | மோனே, ரெனுவார், செசான் | மோனே, மொரிசோ அதிகம் | வீட்டில் இல்லை |

## யார் எங்கே போவது

முதல் முறை, ஒரே நாள் என்றால் ஓர்சே. அன்றைக்கு லூவரையும் சேர்த்துத் திணிக்காதீர்கள், இரண்டும் கெட்டுப்போகும். தெம்பிருந்தால் காலையில் ஓராஞ்ஜெரி, நல்ல சாப்பாடு, நீண்ட ஓய்வு, பிறகு ஓர்சே என்று வைத்துக்கொள்ளலாம். வியாழனாக அமைந்தால் இது மிக அழகாகப் பொருந்தும்: வெளிச்சம் தேவைப்படும் இடம் காலையில், கூட்டம் குறைய வேண்டிய இடம் மாலையில். லாச்சப்பல் பக்கம் தங்கியிருந்தால் மார்க்ஸ் டோர்முவா நிலையத்தில் மெத்ரோ 12-ஆம் தடம் ஏறுங்கள். கொங்கோர்டில் இறங்கினால் ஓராஞ்ஜெரி, அதற்கு இரண்டு நிறுத்தம் தள்ளி சொல்ஃபெரினோவில் இறங்கினால் ஓர்சே. வண்டி மாற வேண்டியதில்லை.

இரண்டு நாள் இருந்தால் இரண்டாம் நாளுக்கு மர்மொத்தான். மே முதல் செப்டம்பருக்குள் வந்திருக்கிறீர்கள், செடி கொடிகளில் ஆசை உள்ள வீட்டாரும் கூட இருக்கிறார்கள் என்றால் அதற்குப் பதிலாக ஜிவெர்னி. ஆனால் அதற்கு முன் ஓராஞ்ஜெரியைப் பார்த்துவிட்டுப் போங்கள். அந்தச் சுவர்களைப் பார்த்த கண்ணோடு குளத்தங்கரையில் நின்றால், அவர் எதையெல்லாம் விட்டுவிட்டு வரைந்தார் என்பது தெரியும்.

சீட்டை அந்தந்த அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தில் வாங்குங்கள். இடைத்தரகர் தளங்களில் அதே சீட்டுக்குக் கூடுதல் விலை வைக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட படத்துக்காகவே போகிறீர்கள் என்றால், அது ஊரில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். இந்தப் படங்கள் கடனாக ஊர் ஊராகப் போகின்றன. முதல் கண்காட்சியின் 150-ஆம் ஆண்டையொட்டி 2024-இல் 'சூரிய உதயம்' ஓர்சேக்கு வந்தது, அங்கிருந்து வாஷிங்டனுக்கும் போனது. அந்த மாதங்களில் அதைத் தேடி மர்மொத்தானுக்குப் போனவர்கள் அதைப் பார்த்திருக்க முடியாது.